இரட்டைக் குடியுரிமை கிடைத்தாயிற்று, இனி என்ன செய்வது?

இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழ் கைக்கு வந்தவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: "இனி இலங்கைக்கும் வரி கட்ட வேணுமோ?" சான்றிதழ் எடுத்ததற்காக மட்டும் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. நீங்கள் எத்தனை நாள் இங்கே தங்கினீர்கள், வருமானம் எங்கிருந்து வந்தது என்பதைப் பார்த்துத்தான் இலங்கை வருமான வரி கேட்கிறது. குடியுரிமை, வதிவு, வரிக் கணக்கு மூன்றும் தனித்தனி விடயங்கள். மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் சிலர் வீணாகப் பயப்படுகிறார்கள். வேறு சிலர் பயப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தபோது இலங்கைக் குடியுரிமையை இழந்து, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தின் கீழ் அதைத் திரும்பப் பெற்றவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். ஆனாலும் காணி பற்றிய பகுதியில் சிலவற்றைத் தவிர மற்றவை எல்லா மாவட்டத்துக்கும் பொருந்தும். வரி எண்கள் 2025/26 மதிப்பீட்டு ஆண்டுக்கு உரியவை.

முதலில் காகிதங்கள்

எல்லாவற்றுக்கும் முன் உங்கள் பெயரைப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், பழைய அடையாள அட்டையில் இன்னொன்று, வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி வேறொன்று என்று இருப்பது நம்மவர்களுக்குப் புதிதல்ல. வங்கி, காணிப் பதிவகம், இறைவரி என்று எங்கே போனாலும் இந்த வித்தியாசம் வழிமறிக்கும். எல்லாப் பெயர்களும் ஒரே ஆளுடையவை என்று ஒரு சத்தியக்கடதாசி முடித்து, நாலைந்து பிரதிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாள் வேலை, பிறகு பல நாள் அலைச்சலைக் குறைக்கும்.

அடுத்து தேசிய அடையாள அட்டை. கடவுச்சீட்டைவிட இதுதான் அன்றாடம் கேட்கப்படுவது. விண்ணப்பம் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்குப் போய், அங்கிருந்து ஆட்பதிவுத் திணைக்களத்துக்குப் போகும். எண்பதுகளில் வெளிக்கிட்டவர்களிடம் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்ட பழைய அட்டை இருந்திருக்கும். அட்டை தொலைந்திருந்தாலும் அந்த இலக்கத்தைத் தேடி எடுங்கள், பழைய கடவுச்சீட்டிலோ காணி உறுதியிலோ கிடைக்கலாம். இப்போதைய அட்டையில் 12 இலக்கங்கள் இருக்கும்.

கிராம உத்தியோகத்தரை, அதாவது ஊர்வழக்கில் விதானையாரை, ஆரம்பத்திலேயே போய்ச் சந்தியுங்கள். வதிவிடச் சான்றிதழும் வாக்காளர் பதிவும் அவரிடமிருந்துதான் தொடங்குகின்றன. அவருக்கு உங்களைத் தெரியாவிட்டால் ஒவ்வொரு வேலையும் விசாரணையில் நிற்கும். அவர் அலுவலகத்தில் இருக்கும் நாட்களைக் கேட்டுவிட்டுப் போங்கள், மற்ற நாட்களில் வெளிவேலையில் இருப்பார்.

கடவுச்சீட்டு விடயத்தில் ஒரே விதிதான்: இலங்கைக்குள் எந்தக் கடவுச்சீட்டில் நுழைந்தீர்களோ அதிலேயே வெளியேறுங்கள். இலங்கைக் கடவுச்சீட்டில் வந்தால் விசாவும் இல்லை, தங்கும் கால எல்லையும் இல்லை. அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. இங்கே இருக்கும்போது நீங்கள் இலங்கைக் குடிமகன்தான். ஏதாவது சிக்கல் வந்து கனடாத் தூதரகத்தையோ பிரித்தானியத் தூதரகத்தையோ கூப்பிட்டால், அவர்களால் செய்ய முடிவது மட்டுப்பட்டதாகவே இருக்கும்.

நாட்களை எண்ணுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள். 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டப்படி, ஒரு 12 மாத காலத்துக்குள் மொத்தம் 183 நாள் அல்லது அதற்கு மேல் இலங்கையில் இருந்தால் நீங்கள் வரிக்கு வதிவாளர். இதில் பலர் தவறவிடுவது எந்த 12 மாதம் என்பதை. ஜனவரி முதல் டிசம்பர் வரை அல்ல. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையான மதிப்பீட்டு ஆண்டு மட்டும் என்றும் இல்லை. அந்த மதிப்பீட்டு ஆண்டுக்குள் தொடங்கும் அல்லது முடியும் எந்த 12 மாதத்தையும் எடுத்துப் பார்க்கலாம்.

குளிருக்குத் தப்பி ஊருக்கு வரும் ஒன்ராறியோக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நவம்பர் 1க்கு வந்து ஏப்ரல் 30க்குத் திரும்புகிறார், 181 நாள். எல்லைக்குள்தான் இருக்கிறார். அப்புறம் ஓகஸ்டில் நல்லூர்த் திருவிழா வருகிறது. 25 நாள் திருவிழாவுக்கும் நின்றுவிட்டுப் போகலாமே என்று மறுபடி வருகிறார். இப்போது 206. அந்த 12 மாதம் ஒரு மதிப்பீட்டு ஆண்டில் தொடங்கி அடுத்ததில் முடிவதால், இரண்டு ஆண்டுகளுக்குமே அவர் இலங்கை வதிவாளர் ஆகிவிடக்கூடும். கனடாவில் வீடும் மனைவி பிள்ளைகளும் அப்படியே இருப்பதால் கனடாவும் அவரை விடாது. ஒன்ராறியோவின் மருத்துவக் காப்பீடோ 12 மாதத்தில் 212 நாள் வரைதான் வெளியே நிற்க விடுகிறது. அதற்கும் ஆறு நாள்தான் மிச்சம். கோவிலுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கு எழுதி வைத்துக்கொண்டு போங்கள் என்கிறேன்.

வந்த நாளையும் போன நாளையும் சேர்த்தே எண்ணுங்கள். விமானச் சீட்டுகளையும் கடவுச்சீட்டு முத்திரைப் பக்கங்களின் படங்களையும் ஆண்டுவாரியாகச் சேமித்து வையுங்கள். இரண்டு கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு முத்திரைகள் இரண்டிலும் சிதறிக் கிடக்கும்.

இரண்டு நாடும் உங்களை வதிவாளர் என்று சொன்னால், இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். கனடா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, ஜேர்மனி, பிரான்ஸ், சுவிற்சர்லாந்து, நோர்வே, அமெரிக்கா ஆகிய நாடுகளுடன் இலங்கைக்கு ஒப்பந்தம் உண்டு. இத்தகைய ஒப்பந்தங்களில் வழக்கமான வரிசை இப்படி இருக்கும்: நிரந்தர வீடு எங்கே, குடும்பமும் பொருளாதாரத் தொடர்புகளும் எங்கே நெருக்கம், வழக்கமாக எங்கே தங்குகிறீர்கள், கடைசியாக எந்த நாட்டுக் குடிமகன். அந்தக் கடைசிக் கேள்வி இரட்டைக் குடிமகனுக்கு உதவாது, ஏனென்றால் இரண்டுமே அவர்தான். ஆகவே முதல் மூன்றில் ஏதாவது ஒன்றில் தெளிவாக ஒரு பக்கம் நில்லுங்கள். இரண்டு ஊரிலும் திறந்த வீடு, இரண்டு ஊரிலும் பாதிக் குடும்பம் என்று இருந்தால் தீர்ப்பு இரு நாட்டு வரி அதிகாரிகளின் பேச்சுவார்த்தைக்குப் போகும். அது ஆமை வேகம்.

இலங்கை வரிக் கணக்கு

வதிவாளருக்கு உலக வருமானம் முழுவதும் இலங்கை வரிக்குள் வரும். வதிவில்லாதவருக்கு இலங்கையில் எழும் வருமானம் மட்டும்.

18 வயதுக்கு மேற்பட்டவர்கள் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் பதிந்து வரி இலக்கம் எடுக்க வேண்டும். எல்லோரும் அதை டின் நம்பர் என்றுதான் சொல்கிறார்கள். டின் எடுத்தால் வரி வந்துவிடும் என்ற பயம் ஊரில் பரவலாக இருக்கிறது. இலக்கம் வேறு, வரி வேறு. நடைமுறைக் கணக்குத் திறக்க, வாகனம் பதிய, கட்டட வரைபட அனுமதி எடுக்க என்று எப்படியும் கேட்பார்கள். இணையத்திலேயே எடுக்கலாம்.

தனிநபருக்கு ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய் வரை வரியில்லை. அதற்கு மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், பிறகு ஒவ்வோர் 5 இலட்சத்துக்கும் 18, 24, 30 வீதம், மிச்சம் முழுவதற்கும் 36 வீதம். குடியுரிமை வரியில் உதவும் இடம் ஒன்று இங்கே உண்டு. இலங்கையில் வதியாவிட்டாலும் குடிமகனுக்கு இந்த 18 இலட்சக் கழிவு கிடைக்கும். வதியாத வெளிநாட்டவருக்குக் கிடைக்காது.

ஊரோடு வந்து இருந்துவிட்ட ஒருவரின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வீட்டின் ஒரு பகுதியை மாதம் 80,000 ரூபாய்க்கு வாடகைக்கு விட்டிருக்கிறார், ஆண்டுக்கு 9,60,000. பராமரிப்புக்கென்று 25 வீதம் கழித்தால் 7,20,000. நிலையான வைப்பிலிருந்து வட்டி 18 இலட்சம். மொத்தம் 25,20,000. அதில் 18 இலட்சத்தைக் கழிக்க 7,20,000 மிஞ்சும். அதன் 6 வீதம் 43,200 ரூபாய். ஆனால் வங்கி வட்டியைக் கொடுக்கும்போதே 10 வீதம், அதாவது 1,80,000 ரூபாயைப் பிடித்துக்கொண்டிருக்கும். கணக்கறிக்கை கொடுத்தால் 1,36,800 ரூபாய் திரும்பக் கேட்கலாம். கொடுக்காவிட்டால் அந்தக் காசு போனதுதான். வரித் திணைக்களத்தின் பக்கமே போகாமல் இருப்பது கெட்டித்தனம் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும். மொத்த வருமானம் 18 இலட்சத்தைத் தாண்டாதவர்கள் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து, வட்டியில் பிடிப்பதையே நிறுத்தலாம்.

இங்கே இருந்துகொண்டு வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கணினி வழியாக வேலை செய்பவர்களுக்கு முன்பு விலக்கு இருந்தது. 2025 ஏப்ரல் முதல், வெளிநாட்டு நாணயத்தில் வங்கி வழியாக வரும் அத்தகைய சேவை வருமானத்துக்கு அதிகபட்சம் 15 வீதம். "வங்கி வழியாக" என்பது இதில் முக்கியம்.

மதிப்பீட்டு ஆண்டு மார்ச் 31இல் முடியும், அறிக்கைக்குக் கடைசி நாள் நவம்பர் 30. வங்கி பிடித்தது போக இன்னும் வரி கட்ட வேண்டியவர்களுக்கு ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நாலு தவணை. முதல் ஆண்டு மட்டுமாவது ஒரு கணக்காளரிடம் கொடுத்துச் செய்வியுங்கள், அடுத்த ஆண்டு அதையே பார்த்து நீங்களே செய்துவிடலாம்.

விட்டு வந்த நாடு உங்களை எப்போது விடும்?

பெரிய காசு இழப்பு பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் நடக்கிறது.

கனடாவை விட்டு நிரந்தரமாக வெளியேறுகிறவர் வரிக்கு வதிவற்றவர் ஆகும் நாளில், பங்குகள் போன்ற சொத்துகளை அன்றைய சந்தை விலைக்கு விற்றதாகக் கருதி இலாபத்துக்கு வரி கேட்பார்கள். கனடாவில் உள்ள வீடு இதில் அடங்காது. முதியோர் ஓய்வூதியத்தை வெளிநாட்டில் தொடர்ந்து பெற, 18 வயதுக்குப் பிறகு குறைந்தது 20 ஆண்டு கனடாவில் வதிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆறு மாதத்துக்குப் பிறகு நின்றுவிடும். குறைந்த வருமானக்காரருக்கான மேலதிகக் கொடுப்பனவு 20 ஆண்டு இருந்தவருக்கும் ஆறு மாதத்தோடு நிற்கும். வேலை செய்து கட்டிய ஓய்வூதியத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, எங்கே இருந்தாலும் வரும். 18 ஆண்டோடு மூட்டை கட்டுகிறவர் இன்னும் இரண்டு ஆண்டு பொறுத்தால் வாழ்நாள் முழுக்க வித்தியாசம்.

பிரித்தானியாவின் அரச ஓய்வூதியம் இலங்கைக்கும் வரும், ஆனால் உயராது. அங்கே ஆண்டுதோறும் கூட்டும் தொகை இலங்கையில் வதிபவர்களுக்குக் கிடையாது. 67 வயதில் வாங்கிய தொகையைத்தான் 87 வயதிலும் வாங்குவீர்கள். முடிவெடுக்கும்போது இதைக் கணக்கில் வையுங்கள், ஏனென்றால் இங்கே விலைவாசி உறைந்து நிற்காது. வெளியேறும்போது, நாட்டை விட்டுப் போவதை அங்குள்ள வரித் திணைக்களத்துக்கு அறிவிக்கும் பி85 படிவம் அனுப்புங்கள். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அங்கே எத்தனை நாள் நிற்கிறீர்கள் என்பதும் கணக்கு. ஆண்டுக்கு 16 நாளுக்குக் குறைவாக நின்றால் வதிவற்றவர் என்பதில் சந்தேகமே வராது. அதற்கு மேல் போனால் வீடு, குடும்பம், வேலை என்று மற்றத் தொடர்புகளையும் பார்ப்பார்கள்.

அவுஸ்திரேலியாவின் முதியோர் ஓய்வூதியம் 26 கிழமைக்குப் பிறகு, வேலை செய்யும் வயதில் அங்கே வதிந்த ஆண்டுகளைப் பொறுத்துக் குறையும். முழுத் தொகைக்கு 35 ஆண்டு வேண்டும். அமெரிக்கக் குடிமக்கள் எங்கே வாழ்ந்தாலும் அமெரிக்காவுக்கு அறிக்கை கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இலங்கை வங்கிக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து ஆண்டில் எப்போதாவது 10,000 டொலரைத் தாண்டினால் அதைத் தனியாகவும் அறிவிக்க வேண்டும்.

காசை எந்த வழியால் கொண்டுவருவது

வங்கிக்கு வெளியே ஆட்கள் வழியாகக் காசு மாற்றும் உண்டியல் வேண்டாம். நாணய மாற்றில் கொஞ்சம் கூடத் தருவார்கள் என்பது உண்மைதான். ஆனால் அந்தக் காசில் வாங்கிய வீட்டை நாளை விற்று, பணத்தைத் திரும்ப வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால், அது வெளிநாட்டிலிருந்து வந்த காசு என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

முதலீட்டுக்கான காசை, காணி வாங்கவோ வீடு வாங்கவோ வரும் காசை, உள்முக முதலீட்டுக் கணக்கு வழியாகக் கொண்டுவாருங்கள். 2017ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வந்த ஏற்பாடு அது, இரட்டைக் குடிமக்களும் திறக்கலாம். அதன் வழியாக வந்த முதலீட்டை விற்கும்போது கிடைக்கும் பணம் அதே கணக்குக்குத் திரும்பி, அங்கிருந்து வெளியே போகலாம். அன்றாடச் செலவுக்கும் சேமிப்புக்கும் தனிப்பட்ட வெளிநாட்டு நாணயக் கணக்குப் போதும். கிளையில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் சாதாரண சேமிப்புக் கணக்கைத் திறந்து தந்துவிடலாம். கணக்கின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், புத்தகத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அரசின் வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஓர் ஆளுக்கு 11 இலட்சம் ரூபாய் வரைதான், முழுக் காசையும் ஒரே இடத்தில் போடாதீர்கள்.

காணி

2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் காணி வாங்குவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடிமகனுக்கு அந்தத் தடை இல்லை. பலர் குடியுரிமையைத் திரும்ப எடுப்பதற்கே இதுதான் காரணம். வாங்குபவர் கட்டும் முத்திரைத் தீர்வை, முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம்.

புதிதாக வாங்குவதைவிடப் பழையதைக் காப்பாற்றுவதுதான் நம்மில் பலருக்குச் சிக்கல். பத்து ஆண்டு தடையில்லாமல், உங்கள் உரிமைக்கு எதிராக ஒருவர் காணியை ஆண்டால், ஆட்சியுரிமை கோரி அவர் நீதிமன்றம் போகலாம். போர்க்காலத்தை அந்தப் பத்து ஆண்டுக் கணக்கில் சேர்க்காமல் விட 2016இல் ஒரு சட்டம் வந்தது. ஆனால் அது 2009 மே 18 வரையான காலத்துக்குத்தான். அதற்குப் பிறகு நீங்கள் பார்க்காமல் விட்ட ஆண்டுகளுக்கு அது கைகொடுக்காது. ஆகவே, காணியைப் பார்த்துக்கொள்பவர் சொந்தக்காரராக இருந்தாலும், உங்கள் அனுமதியுடன்தான் இருக்கிறார் என்று எழுத்தில் வாங்கி வையுங்கள். "அண்ணை, எங்களிலயும் நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். உள்ளூராட்சி சபை அறவிடும் சோலை வரியை உங்கள் பெயரிலேயே கட்டி, பற்றுச்சீட்டுகளை வைத்திருங்கள். காணிப் பதிவகத்தில் பதிவுப் பிரதி எடுத்து, உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது உறுதி பதியப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்களுக்கு இன்னும் இரண்டு விதிகள் உண்டு. பங்குக் காணியை வெளியாருக்கு விற்குமுன் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவிக்க வேண்டும், வாங்கும் முதல் உரிமை அவர்களுடையது. மணமான பெண் தன் சொந்தச் சீதனக் காணியை விற்பதற்கும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ரொறன்ரோவில் தனியாகத் தொழில் நடத்தும் பெண், ஊரில் தன் காணியை விற்கக் கணவனிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருக்கிறது. எனக்கு இது கொஞ்சமும் பிடித்தமில்லை, ஆனால் சட்டம் இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. 2017 செப்டெம்பர் 30க்கு முன்பிருந்தே உங்களிடம் உள்ள காணிக்கு, அன்றைய சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக எடுக்கலாம். எனவே அந்தத் திகதிக்கான மதிப்பீட்டு அறிக்கை ஒன்றை மதிப்பீட்டாளரிடம் எடுத்தால் வரி நன்றாகவே குறையும். விற்ற மாதத்துக்கு அடுத்த மாதம் முடிவதற்குள் அறிக்கை கொடுக்க வேண்டும், நவம்பர் வரை காத்திருக்க முடியாது.

மற்றவை

அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். அவசரத்துக்கு 1990 அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். ஆனாலும் முதல் ஓர் ஆண்டுக்காவது தனியார் மருத்துவக் காப்புறுதி இருப்பது நல்லது. வெளிநாட்டு ஓட்டுநர் உரிமத்தை இலங்கை உரிமமாக மாற்றலாம், அது காலாவதியாகும் முன் செய்யுங்கள். வடக்கு கிழக்கில் அரச நிர்வாக மொழி தமிழ். கொழும்பு அலுவலகமும் உங்கள் தமிழ்க் கடிதத்துக்குத் தமிழில் பதில் தரக் கடமைப்பட்டது. சிங்களப் படிவத்தை நீட்டினால் தமிழ்ப் படிவம் கேளுங்கள். தரவில்லை என்றால் 1956 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

துணைக்கும் சேர்த்து விண்ணப்பிப்பவர்கள், அவருடைய நாடு இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். டென்மார்க் 2015 செப்டெம்பர் 1 முதலும், நோர்வே 2020 ஜனவரி 1 முதலும், ஜேர்மனி 2024 ஜூன் 27 முதலும் ஏற்கின்றன. நெதர்லாந்தும் ஒஸ்ரியாவும் இன்னும் இறுக்கம்தான், கேட்காமல் எடுத்தால் அங்கத்தையது பறிபோகலாம்.

கடைசியாக வாக்கு. வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வழியில்லை, எனவே இங்கே வதிபவர்கள் ஆண்டுதோறும் இடாப்பில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று விதானையாரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். வாக்களிக்கலாம், ஆனால் 2022இன் 21ஆவது திருத்தத்துக்குப் பிறகு இரட்டைக் குடிமகன் நாடாளுமன்றத்துக்கோ ஜனாதிபதிப் பதவிக்கோ போட்டியிட முடியாது. அந்த யோசனை உள்ளவர்கள் மற்றக் கடவுச்சீட்டைத் துறந்துவிட்டுத்தான் வர வேண்டும்.